நாலு பொய் ஆமிக்காரர்

காலை ஆறு பத்து. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியதும் நான் முதலில் கண்டது, மணல் மூட்டைகளுக்குத் தேயிலைச் சாயம் தெளித்து அவற்றைப் பழசாக்கிக்கொண்டிருந்த ஒருவரை. இருநூறு யார் தூரத்தில் உண்மையான சோதனைச் சாவடி இருந்தது. அதன் மூட்டைகள் புத்தம் புதியவை.

யுத்த காலம். நான் ஒரு தமிழ் நாளிதழில் பயிற்சி நிருபன். (இருபத்து மூன்று வயது, ஒரே ஒரு நல்ல சேர்ட், எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கை.) ஒரு சிங்களப் படத்தின் படப்பிடிப்பைப் பார்த்து அரைப் பத்தி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். போருக்கு எதிரான படம். மாவீரர் எவரும் அதில் கிடையாது. லீவுத் துண்டுக்காகக் காத்திருக்கும் நான்கு சாதாரணச் சிப்பாய்கள்தான்.

அன்றைய காட்சியை டைரக்டர் விளக்கினார். பஸ்ஸிலிருந்து இறங்கும் தமிழ் இளைஞனின் அடையாள அட்டையைச் சிப்பாய் வாங்குகிறான். பிறந்த திகதியைப் பார்க்கிறான். சிப்பாய் பிறந்ததும் அதே நாளில்தான். ஒன்றும் சொல்வதில்லை. அதற்குள் மேலதிகாரி கூப்பிட, அட்டையை மறதியாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறான்.

"இந்தக் காட்சிக்காகத்தான், மல்லி, படமே எடுக்கிறேன்," என்றார். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.) அங்கே படமெடுக்க அனுமதி வாங்க அவருக்கு ஏழு மாதம் பிடித்திருந்தது. அனுமதி அன்று காலை ஒன்பது மணி வரைக்கும். இன்னொரு தடவை தரப்படமாட்டாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது.

நான்கு சிப்பாய்களில் ஒருவர் வரவில்லை. டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரியாம். சிறிது நேரத்தில் நான் இராணுவ உடையில், மரத் துவக்கோடு நின்றேன். (வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன் அந்த உடைக்குள் ஏன் நுழைந்தான் என்று கேட்காதீர்கள். கமெரா இருந்தது. அவ்வளவுதான்.) கழற்றிய சேர்ட்டை ஓர் ஆணியில் மாட்டினேன். அதிலிருந்த அடையாள அட்டையை, நாங்கள் ஐசி என்போம், அதை மட்டும் எடுத்து இராணுவப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் கொழும்பில் எந்தத் தமிழனும் ஐசியை ஆணியில் தொங்கவிடமாட்டான்.

பஸ் நின்றது. பயணிகள் வரிசையாக வந்தார்கள். பிரதான சிப்பாயாக நடித்த சமன் அடையாள அட்டை கேட்டு அதட்டினார்: "ஐடென்டி எக்க."

நான் துவக்கை இடக்கைக்கு மாற்றி, ஐசியை எடுத்துச் சமனிடம் நீட்டினேன்.

"கட்."

இரண்டாவது தடவையும் நீட்டினேன். மூன்றாவது தடவை கையை அடக்கிப் பார்த்தேன். அது பாதி வழியில் நெஞ்சைப் பிடித்தபடி நின்றுவிட்டது. மாரடைப்பென்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்.

பயணியாக நடிக்க வந்திருந்த செல்வி அக்கா (கொட்டாஞ்சேனைக்காரி, வாய் சும்மா இருக்காது) கேட்டார்: "தம்பி, துவக்கு உம்மட்ட இருக்கு. பிறகு ஏன் நீர் ஐசி காட்டுறீர்?"

"பழகிப்போச்சு அக்கா."

"அப்ப இங்கால வந்து நில்லும். எங்கட பக்கம்தான் உமக்குச் சரி."

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் அதே முடிவுக்கு வந்தார். தமிழ் இளைஞனாக நடிக்க நின்ற கிராண்ட்பாஸ் தேநீர்க் கடைக்காரரை என் இராணுவ உடைக்குள் திணித்தார்கள். அவர் இடத்தில் நான். மணி எட்டு நாற்பது. சமன் அதட்டினார். நான் நீட்டினேன். ஒரே தடவையில் முடிந்தது. சமன் திகதியைப் பார்த்தபடி நின்ற கணத்தில் செல்வி அக்காகூட வாய் திறக்கவில்லை.

"அருமை. எங்கே பழகினாய்?" என்றார் டைரக்டர்.

"காலி வீதிச் சாவடிகளில்."

ஒன்பது மணிக்கு, உடைகூட மாற்றாமல், படக்குழுவினர் வான் வண்டியில் ஏறிப் பறந்தார்கள். நான் பஸ் பிடித்தேன். வெள்ளவத்தையில் சாவடி, இறக்கினார்கள். கை தானாகச் சேர்ட் பைக்குள் போனது. அங்கே ஒன்றும் இல்லை. காட்சியில் சொன்னபடியே சமன் என் ஐசியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

என் சிங்களம் பத்திரிகைத் தலைப்பு மாதிரி. சொற்கள் இருக்கும், விளக்கம் இருக்காது.

"ஐசி எங்கே?" என்றார் கோப்ரல்.

"ஆமிக்காரர் கொண்டு போய்விட்டார்."

"எந்த முகாம்?"

"முகாம் இல்லை. பொரு ஆமி."

நடிக்கிற ஆமி என்று சொல்ல நினைத்தேன். 'பொரு' என்றால் பொய். கோப்ரல் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

"பொய் ஆமியா? எங்கே?"

"கொட்டாஞ்சேனையில்."

"துவக்கு?"

"இருந்தது."

"எத்தனை பேர்?"

"நாலு பேர்." துல்லியம் முக்கியம் என்று அலுவலகத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே சேர்த்துச் சொன்னேன்: "நானும் கொஞ்ச நேரம் போட்டிருந்தேன்."

பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலைய வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நான், டைரக்டர், சமன், மற்ற இரண்டு சிப்பாய்கள், இறுகிய உடைக்குள் மூச்சைப் பிடித்தபடி தேநீர்க் கடைக்காரர். வானை வழியில் மறித்துப் பிடித்திருந்தார்கள்.

"மல்லி, நீ என்னதான் சொன்னாய்?" என்று கடைக்காரர் மெல்லக் கேட்டார்.

"உண்மையை."

"அதை யார் கேட்டது?"

சமன் என் ஐசியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார், எல்லோருக்கும் தேநீர் சொன்னார். தேநீர் வருவதற்குள், பின்னால் வானைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு கான்ஸ்டபிள் வட்டமான தகர டப்பா ஒன்றைக் கொண்டு வந்து, உள்ளே வேறு ஏதும் இருக்கிறதா என்று ஜன்னலருகே திறந்து பார்த்தார். நல்ல வெயில். வெளிச்சம் படக்கூடாத அன்றைய பிலிம் சுருள் அதற்குள் இருந்தது. டைரக்டர் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது கேட்டதற்கு மேலே ஒரு வார்த்தை உண்மை சொல்லிவிட்டால், என் மனைவி முகத்தை மாற்றாமல், "ஓம், நானும் கொஞ்ச நேரம் போட்டிருந்தனான்," என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

படம் இரண்டு வருடம் கழித்துத் திரைக்கு வந்தது. சோதனைச் சாவடிக் காட்சி அதில் இல்லை.