பக்கத்து இருக்கையின் பிரேக்

லிஃப்ட் மேற்பார்வையாளர் தம் வாழ்நாளின் மாபெரும் தீர்மானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே எடுத்தார். இமயமலைப் பள்ளத்தாக்குகளின் வழியே காரில் போவது. விமானம் ரயில் என்ற பேச்சே இல்லாமல் வீட்டு வாசலிலிருந்து தரைவழியாகவே போவது. சாலை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு வரைபடமே புள்ளி புள்ளியாகக் காட்டும் இடங்களுக்கெல்லாம் போவது. மனைவி இல்லாமல் போவது.

கடைசியாகச் சொன்னதுதான் தீர்மானம். மற்றவை அதற்கான சாக்கு.

மனைவிமேல் வெறுப்பு என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவருக்கு வெறுப்பெல்லாம் ஒரு பிரேக்கின் மேல். அம்மையார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். வீட்டுக் கார் அந்தப் பள்ளியில் உழைத்து ஓய்வுபெற்றது. அத்தகைய கார்களில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கார் ஓய்வுபெற்றதே ஒழிய, பிரேக் ஓய்வுபெறவில்லை. ஸ்டீயரிங் இவர் கையில். வண்டி அம்மையார் காலில். அவர் வாய் உறவினர் வீட்டுக் கதை எதையாவது பேசிக்கொண்டிருக்கும். நல்ல வேகம் பிடிக்கிற நேரத்தில் கார் தானாக அடங்கி, பசுமாடு போல நடக்கத் தொடங்கும்.

"ஏன் மிதிச்ச?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலயே."

நகரத்தின் பாதி லிஃப்டுகள் மேற்பார்வையாளரின் ஒரு விரல் அசைவுக்கு ஏறி இறங்கும். சொந்தக் கார் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. ஒரே ஒருமுறை, யார் காலும் குறுக்கே வராமல், மலை மலையாக ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். இதற்காக அவர் உயிரையும் கொடுக்கத் தயாராக இருந்தார். கேட்பாரில்லை.

அம்மையாரைப் பயமுறுத்திப் பின்வாங்க வைப்பது என்று முடிவாயிற்று. சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றார்.

"அங்க ரோடே கிடையாதும்மா. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். நடுவுல டயர் போற அளவுக்குத்தான் இடம்."

"ஓஹோ."

"உயரம் போகப் போகக் காத்தே கம்மியாயிடும். மூச்சு வாங்கும்."

"பேச்சும் கம்மியாகும். நல்லதுதானே?"

"குளிக்க முடியாது. தண்ணி கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும்."

"நீங்க இங்கயே லீவு நாள்ல குளிக்கறதில்ல."

மேற்பார்வையாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பாத்ரூமே கிடையாது! பாறை மறைவுதான்!"

கத்தி நின்றது. பாதி பீன்ஸ் கையிலேயே இருந்தது.

"ஐயையோ! எனக்கு வேணாங்க இந்த வம்பு. நீங்களே போயிட்டு வாங்க."

இவ்வளவு எளிதாக வென்றவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குள் வென்று பழக்கமில்லாதவருக்கு வெற்றியின் அசலும் போலியும் எப்படித் தெரியும்?

துணைக்கு எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரைச் சேர்த்துக்கொண்டார். யாரிடமும் முடியாது என்று சொல்லாத மனிதர். அந்த ஒரு தகுதிக்காகவே தேர்வானவர். அன்று மாலையே இருவரும் கூடத்தில் அமர்ந்து பாதைகளை அலசினார்கள். ஒருவர் அலசினார், மற்றவர் தலையாட்டினார். வெற்றியின் சூட்டோடு மேற்பார்வையாளர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னொரு விஷயம்! அந்த பிரேக்கைக் கழட்டணும்."

"எந்த பிரேக்க?" என்று கேட்டபடி அம்மையார் வந்தார்.

"உன் பிரேக்க."

"நான்தான் வரலயே. அது பாட்டுக்குக் கிடந்துட்டுப் போகட்டுமே."

"சார் மிதிச்சுட்டா? பயந்த மனுஷன். மலையில ஒரு வண்டிக்கு ஒரு கால்தான் பிரேக் போடணும். பக்கத்துல உக்காந்திருக்கறவங்க வேடிக்கை பாக்கலாம், அவ்வளவுதான்."

"நல்ல சட்டம். பக்கத்துல யார் உக்காந்தாலும் இதேதானே?"

"யாரா இருந்தாலும்!"

"அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"நான் என்னிக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

குடும்ப அமைதியைக் கருதி அம்மையார் சமையலறைக்குத் திரும்பினார். மறுநாளே மெக்கானிக்கை அழைத்து, பக்கத்தில் நின்று, கழற்ற வைத்தார். கழற்றிய பிரேக்கை மேற்பார்வையாளர் செருப்பு அலமாரியின் உச்சியில் வைத்தார். புலியைச் சுட்டவன் தலையைச் சுவரில் மாட்டுவது போன்ற காரியம் அது.

"எனக்கு ஒரு சின்ன ஆசைங்க" என்றார் அம்மையார். "போறதுக்கு முன்னாடி ஒரு மேட்டுல பாதி வழி ஏறி, நிறுத்தி, மறுபடியும் எடுத்துக் காட்டிடுங்க. மனசுக்கு நிம்மதியா இருக்கும். உங்க ஆபீஸ் கார் பார்க்கிங் சரிவே போதும்."

மேற்பார்வையாளர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "அது ஒரு மேடா? அதுல நிறுத்தி எடுக்கத் தெரியலைன்னா இமயமலைக்கு நீயே ஓட்டிட்டுப் போ!"

"கேட்டுக்கிட்டீங்களா சார்?"

"கேட்டுக்கிட்டேன் அண்ணி" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த மருந்துக்கடைக்காரர். அவர்தான் யாரிடமும் முடியாது என்று சொல்லாதவராயிற்றே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிவுக்கு மேலே லிஃப்ட் ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். மேலதிகாரியின் வீரத்தைப் பார்க்க வரச்சொல்லியிருந்தது மேலதிகாரியேதான். சரிவுக்குக் கீழே காலி அட்டைப்பெட்டிகள் மலைபோல் குவிந்திருந்தன. ஓரமாக அம்மையார். பக்கத்து இருக்கையில் மருந்துக்கடைக்காரர்.

கார் ஏறியது. கம்பீரமாகவே ஏறியது. பாதி வழியில் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். அங்கேதான் அவருடைய தொழில் அவரைக் கவிழ்த்தது. லிஃப்டை ஒரு மாடியில் நிறுத்தினால் அது அந்த மாடியில் நிற்கும். யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காரும் அப்படித்தான் என்று அவர் பல்லாண்டுகளாக நம்பியிருந்தார். பார்த்த மேடுகளிலெல்லாம் அது அப்படித்தான் நின்றும் இருக்கிறது. எனவே நிறுத்தினார், காலை எடுத்தார், ஜன்னல் வழியே கையை நீட்டி ஊழியர்களை நோக்கி அசைத்தார்.

ஊழியர்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

"சார், வண்டி பின்னால போகுது!"

"போகாதே! எப்பவும் நிக்குமே!"

"பிரேக் சார், பிரேக்!"

"அதைத்தான் கழட்டியாச்சே!"

தம் காலடியில் ஒன்று இருப்பது அவர் நினைவுக்கே வரவில்லை. மருந்துக்கடைக்காரர் வெறும் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தார். கார் அட்டைப்பெட்டி மலைக்குள் மெத்தென்று புதைந்து நின்றது. முன் கண்ணாடிமேல் ஒரு பெட்டி வந்து விழுந்தது. 'இருமல் மருந்து' என்று எழுதியிருந்தது.

"இது உங்க கடைப் பெட்டியாச்சே! யார் இங்க அடுக்கினது?"

"நான்தான் சார். காலையில அண்ணி அடுக்கச் சொன்னாங்க."

"எதுக்குன்னு கேக்கலயா?"

"நான் யாரையும் எதுக்குன்னு கேக்கறதில்ல சார். கேட்டா மருந்துக்கடை நடத்த முடியாது."

அம்மையார் பெட்டிகளை விலக்கிக்கொண்டு வந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இத்தனை வருஷமா மேட்டுல நின்னுச்சே" என்றார் மேற்பார்வையாளர். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தானே நிறுத்தினேன்?"

"நான் ஒண்ணும் பண்ணலயே. கொஞ்சம் நகருங்க."

"அங்க பாத்ரூம் கிடையாதும்மா! பாறை மறைவுதான்னு சொன்னேனே!"

"பாறைக்கு என்ன பஞ்சம்? மலைதானே?"

புறப்படும் நாளன்று மேற்பார்வையாளர் எதையோ துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துவது போல் ஏந்தி வந்தார். "இதை மறுபடியும் மாட்டிடலாமா? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"பக்கத்துல யாரா இருந்தாலும் அதே சட்டம்" என்று சாவியைத் திருப்பினார் அம்மையார்.

மலையைப் பற்றி மேற்பார்வையாளர் புளுகியதெல்லாம் உண்மையாக இருந்தது. டயர் போகிற அளவுக்குத்தான் இடம். பாதாளம் அவர் அமர்ந்த பக்கத்திலேயே தொடங்கியது. கீழே ஆறு ஒரு நூல் போலத் தெரிந்தது. பின் இருக்கையில் மருந்துக்கடைக்காரர் தம் கடை மாத்திரையைத் தாமே விழுங்கிவிட்டு வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் வானம் மட்டும் இருந்தது. அம்மையார் அடுத்த வீட்டுச் சித்தியின் கதையைச் சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினார்.

மேற்பார்வையாளரின் வலது கால் தானாக எழுந்து, தன் பலத்தையெல்லாம் திரட்டி, வெறும் தரையை ஓங்கி மிதித்தது. மறுபடியும் மிதித்தது.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மையார் கேட்டார்: "என்னங்க, கீழ எதையாவது தேடறீங்களா?"