பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம்

‘செய்கிறதுதான் செய்கிறோம்’ என்று பேச்சை ஆரம்பிக்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. ஆளைப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், நாலு பேருக்கு உதவுகிறவர்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க ஆள் கூப்பிடுவார்கள். இறங்குகிறதுதான் இறங்குகிறோம் என்று தூர் வாரச் சொல்லி, வாருகிறதுதான் வாருகிறோம் என்று இன்னும் இரண்டு முழம் வெட்டச் சொல்லி, கடைசியில் வாளியை மறந்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார்கள்.

இந்த இனத்தின் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமா? கண்டரமாணிக்கத்துக்கு வாருங்கள். பர்மாவில் இருபது வருஷம் மர வியாபாரம் பார்த்துவிட்டு ஊரோடு வந்து உட்கார்ந்துவிட்ட குமரப்பன் செட்டியார் இருக்கிறார்.

சித்திரை மாதம் ஒரு நாள், மாடு பார்க்கிற பெத்தன் வந்து, தொழுவத்துக் கூரையில் இரண்டு கைமரம் செல்லரித்துவிட்டது என்று சொன்னான். வீட்டுக்குப் பின்னால், களத்தை ஒட்டி, மண்சுவரும் வைக்கோல் கூரையுமாக நின்ற தொழுவம் அது. போன ஐப்பசியில் கூரை ஒழுகி, மயிலைப் பசு ஈன்ற கன்று நனைந்து விறைத்து மூன்றாம் நாள் போய்விட்டது. பசு இப்போது மறுபடி சினை, ஐப்பசியில்தான் ஈற்று. குமரப்பனுக்கு அந்தப் பசுவின் மேல் உயிர். மழைக்குள் கூரையைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று அன்றைக்கே சோணைக் கொத்தனாரை வரவழைத்தார். இரண்டு கைமரம், அரை நாள் வேலை. குமரப்பனும் அப்படித்தான் நினைத்தார், சத்தியமாக. ஆனால் அண்ணாந்து பார்த்துவிட்டார்.

“பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம். எதுக்குத் திருப்பியும் வைக்கோலு? ஓடாப் போட்டுருவோமே சோணை.”

நியாயமான பேச்சுத்தானே? நீங்களாக இருந்தாலும் தலையாட்டியிருப்பீர்கள். ஓடு என்றால் பாரம். பாரத்தை மண்சுவர் தாங்காது. ஆகவே செம்பராங்கல் சுவர். கல்சுவருக்கு நடுவே பழைய பனைமரக் கால் நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஆகவே கருங்கல் தூண். தூண் மொட்டையாக நிற்கிறது; ஆகவே அதன் தலையில் வாழைப்பூ, வாழைப்பூவைக் கொத்த ஒரு கிளி. நிலைக்குப் பர்மாத் தேக்கு, நிலைக்கு மேலே கஜலட்சுமி. மாட்டுத் தொழுவத்தில் யானைக்கு என்ன வேலை என்று தச்சர் தயங்கியபோது, சரி, யானைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பசுக்கள் நின்று லட்சுமிக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்று உத்தரவாயிற்று. தும்பிக்கை இல்லாத பசு குடத்தை எதனால் தூக்கும் என்று தச்சர் மூன்று நாள் உளியைத் தொடாமல் யோசித்தார்.

ஆடி வந்தது. தீவனம் போடுகிற காடிக்கு மேலே வெளிச்சம் வேண்டும் என்று சன்னல். சன்னலுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. வைக்கோல் பரணுக்கு ஏற, கல்யாணப் பெண் இறங்கி வரலாம் போலத் தேக்குப் படிக்கட்டு. தரையை மட்டும் பெத்தன் காலில் விழாத குறையாகக் காப்பாற்றினான்: கால் வழுக்காமல் கொத்துவிட்ட கல், மூத்திரம் ஓட ஒரு சரிவு, அது போதும் என்று கெஞ்சினான். தரையை விட்டுக்கொடுத்த குமரப்பன், அந்த ஆற்றாமையைச் சுவரில் தீர்த்துக்கொண்டார். சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்க்கச் சொன்னார். தேய்த்தார்கள், தேய்த்தார்கள், முகம் தெரிகிற வரைக்கும் இரண்டு மாதம் தேய்த்தார்கள். அந்த இரண்டு மாதம் கண்டரமாணிக்கத்தில் எந்தக் கோழியும் குஞ்சு பொரிக்கவில்லை.

மாடுகள்? மாடுகள் சித்திரையிலிருந்து களத்துப் புளியமரத்தடியில் நின்றன.

அவர் மனைவி சிகப்பி ஆச்சி இத்தனைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு முறை கேட்டார். மழைக்கு முந்தி முடியுமா? குமரப்பனும் வாரத்துக்கு ஒரு முறை, இதோ முடிந்தது என்றார். பொய் இல்லை. அவர் மனசுக்குள் அது ஒவ்வொரு வாரமும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்கில் வானம் கறுத்தது. பெத்தன் ஓடிவந்து, பசுவுக்கு மடி இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்றான். ஆனால் இவ்வளவு செய்துவிட்டு, மாட்டைச் சும்மா ஓட்டிக்கொண்டு போய்க் கட்டுவதா? திருக்கோஷ்டியூர்ச் சோசியர் மறுநாளைக்கே நாள் குறித்தார், மேளம் வந்தது, மாவிலைத் தோரணம் ஏறியது, வலையபட்டிச் சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு வண்டி ஆள் வந்து இறங்கியது. சாப்பாட்டு இலை போடும் இடம் அதுதான் என்று நினைத்து ஒரு பெரியவர் நேராகத் தொழுவத்துக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரைக் கிளப்பிக் கூட்டிவருவதற்குள் நல்ல நேரம் பாதி கழிந்துவிட்டது.

முதலில் காரிக்காளையை உள்ளே விட்டார்கள். காரி சாது. நிலையைத் தாண்டி நாலடி வைத்தது, நின்றது. எதிர்ச்சுவரில் இன்னொரு காரி நின்றது. இது மூச்சு விட்டது, அதுவும் விட்டது. இது தலையைத் தாழ்த்தியது, அதுவும் தாழ்த்தியது. மரியாதையுள்ள ஒரு காளை இதற்குமேல் என்ன செய்யும்? பாய்ந்தது. இரண்டு மாதம் தேய்த்த பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து விழ, பின்னாலிருந்த கல்லும் இரண்டு கழன்றது. பூச்சோடு எதிராளியும் காணாமல் போனதால், தான் ஜெயித்துவிட்டதாகக் காரிக்குத் தீர்மானம். தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. நாயனக்காரர் ஊதுவதா நிறுத்துவதா என்று குமரப்பனைப் பார்த்தார்.

குமரப்பன் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் மெல்ல ஒரு பிரகாசம் வந்தது.

“இடிஞ்சதுதான் இடிஞ்சிருச்சு. அங்குட்டு ஒரு சன்னலை வச்சுட்டா என்ன, சோணை?”

சோணை வாயைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியில் மயிலைப் பசு முதுகை வளைத்துக் கத்தியது. பெத்தன் அதைத் தொழுவத்துப் பக்கம் இழுத்துப் பார்த்தான். நிலைக்குள், பெயராமல் மிஞ்சிய பூச்சில், ஒரு மாடு தெரிய, பசு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. மழை அதன் முதுகில் வழிந்தது. குமரப்பனுக்குப் போன வருஷத்துக் கன்று ஞாபகம் வந்தது. முட்டை வெள்ளையும் கிளியும் கண்ணாடியும் எதற்கு, இரண்டு கைமரம் மாற்றியிருந்தால் போதுமே என்று தன்னையே நொந்துகொண்டு நனைந்தபடி நின்றார்.

சிகப்பி ஆச்சி பெத்தனிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, வந்திருந்த சம்பந்திகளை விலகச் சொல்லி, பசுவை வீட்டின் தலைவாசல் வழியாகவே உள்ளே நடத்திக்கொண்டு போனார். பெரிய கூடத்தில், கல்யாணத்துக்கு மட்டும் விரிக்கிற ஜமக்காளத்தின் மேல், அரை மணி நேரத்தில் ஒரு காளைக்கன்று பிறந்தது. நனையவில்லை, விறைக்கவில்லை, எழுந்து இரண்டு தரம் விழுந்து மூன்றாம் தரம் நின்றது. குமரப்பன் வெட்கப்படாமல் அழுதார். அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடத்தைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார்.

“கன்னு போட்டதுதான் போட்டிருக்கு,” என்றார். “இந்த மூலையில ஒரு கல்காடி கட்டிட்டா…”

சோணை அதற்குள் அளவுக் கயிற்றைப் பிரித்துவிட்டான்.

ஆச்சி தன் படுக்கைப் பாயைச் சுருட்டினார். “மாடெல்லாம் இங்க இருக்கட்டும். நான் தொழுவுக்குப் போறேன். அங்கதான் வேலை முடிஞ்சிருக்கு,” என்று சொல்லிவிட்டு நடந்தார். சும்மா மிரட்டுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆச்சி பத்து நாள் அங்கேயே இருந்தார். காரி இடித்த ஓட்டை வழியாக நல்ல காற்று, நல்ல வெளிச்சம், ஒழுகாத ஓடு. மத்தியானத்தில் பாயின் மேல் சிவப்பும் நீலமும் விழுகிறது. பதினோராம் நாள் சமாதானம் பேசப் போன குமரப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஆச்சியின் குரல் கேட்டது.

“வந்ததுதான் வந்துட்டேன் சோணை. இங்குட்டு ஒரு அடுப்பைப் போட்டுக் குடுத்துரு.”

ஆமாம், தொற்றிக்கொள்கிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் சொன்னேன். உங்கள் வீட்டில் அந்த ஒற்றை ஓடு ஒழுகுகிறது, மாற்றுங்கள் என்று எத்தனை மாதமாகக் கேட்கிறார்கள்? ஏன் இன்னும் மாற்றவில்லை? பதில் உங்கள் நாக்கு நுனியில் வந்துவிட்டது, எனக்குத் தெரிகிறது. அதை மட்டும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் எவராவது கொத்தனார் இருக்கப்போகிறார்.