சமையலறைச் சுவரில் ஒரு கண்டம்

சமையலறைக்கு இந்த ஆண்டு வண்ணம் அடிப்பதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். அதை என் மனைவி லிந்தால்வாவிடம் சொல்லும் தைரியம்தான் கொஞ்சம் தாமதமாக வந்தது.

எங்கள் பெலேம் நகரில் தினமும் மதியம் மழை. எங்கள் கூரையில் ஓர் ஓடு உடைந்து, சுவரில் ஈரக்கறை படர்ந்திருந்தது. பார்த்ததுமே எனக்குப் புல்லரித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் நண்பர்கள் கூடிப் பகடை உருட்டி ஒரு சாகசக் கதை விளையாட்டு ஆடுகிறோம். அதற்கு உலகம் படைக்க வேண்டியவன் நான். வரைபடத்தில் கடற்கரை கோணல்மாணலாக அமைய, இப்படி உலகம் படைக்கும் மற்றவர்கள் காகிதத்தில் காய்ந்த பீன்ஸ் விதைகளைக் கொட்டிச் சுற்றி வரைவார்கள். எனக்கோ மழையே வரைந்து கொடுத்துவிட்டது! பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எல்லை போட்டேன். ராஜ்யங்களுக்குப் பெயரும் வைத்தேன்.

"ஜுராந்திர், நசரே மாதா திருவிழா வருது. தெருவே வண்ணம் அடிச்சு முடிச்சாச்சு. நீ எப்போ?"

"முடியாது லிந்தா. அது கறையில்ல, கண்டம்."

"எனக்கு நீதான் கண்டம்! எங்கம்மா, அக்காங்க, அவங்க வீட்டுக்காரங்க எல்லாரும் வாத்துக் குழம்பு சாப்பிட வர்றாங்க. இந்த அழுக்கு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா சாப்பிடுவாங்க?"

"எந்த மூஞ்சி?"

"இப்போதைக்குச் சுவரைச் சொன்னேன்."

"அடிச்சா என் ராஜ்யமெல்லாம் அழிஞ்சுடும்மா."

"ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ."

"தினமும் வளருதே! நேத்துகூட ஒரு தீபகற்பம் பொறந்துச்சு."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கல்யாணமானவர்கள் சிரிக்க வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை சமையலறையில் நடந்த ஆட்டத்தில் அவளும் உட்கார்ந்தாள். "நான் கப்பல் தலைவி. ஏறியாச்சு. கடல் எங்கே?"

"கண்டத்தைச் சுத்தி இருக்கிற சுவரெல்லாம் கடல்தான்" என்றேன் பெருமையாக.

"எண்ணெய்ப் பிசுக்கா இருக்கே! இதுல எவ கப்பல் விடுவா?"

நண்பன் எவரால்டு தலையில் அடித்துக்கொண்டான். "நியாயம்தானே? உலகத்தைப் படைச்சவன் கடலை மறந்துட்டியேடா!"

மானம் போய்விட்டது. மறுநாளே நீல வண்ணம் வாங்கினேன்.

"உலகம் உருண்டைன்னா, கடல் நாலு சுவத்தையும் சுத்தி வரணும் இல்ல?" என்று கேட்டாள் கப்பல் தலைவி. நல்ல கேள்வி. நாலு சுவருக்கும் அடித்தேன். "மழை ஒழுகினா கடல் உரிஞ்சுடுமே" என்றாள். அதுவும் சரிதான். கூரையேறி உடைந்த ஓட்டை எடுத்துவிட்டுப் புது ஓடு போட்டேன். கண்டத்தின் மீது மட்டும் ஒரு சொட்டு நீலம் படவில்லை. இனி வளராது என்றாலும், இருப்பதைக் காப்பாற்றிவிட்டேன்.

"ஒரு குறைதான் லிந்தா. வடக்கே ஒரு பனிமலை இல்லை. நம்ம ஊர்ல எவன் பனியைப் பார்த்தான், எப்படி வரையறது?"

"கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்."

திருவிழாவுக்கு முந்தின நாள் கூப்பிட்டாள். "இதைக் கொஞ்சம் தள்ளிக் குடு. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்."

மூச்சு வாங்கப் பின்னால் நகர்ந்து பார்த்தேன். நீலக் கடல் பளபளத்தது. என் கண்டம் இருந்த இடத்தில், அதை முழுசாக மறைத்துக்கொண்டு, எங்கள் பெரிய வெள்ளை ஃபிரிட்ஜ் நின்றது.

"இந்தா, நீ கேட்ட பனிமலை" என்றாள். "திறந்து பாரு, உள்ள பனிகூட இருக்கு."