‘அட்’ சாரும் மூன்று அட்டைகளும்

மனிதர் பேசுவதைக் கேட்பவர்கள் உண்டு, கேட்காதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதற்கு யாரும் இன்னும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: இடுக்குத் திருத்தர். ஆங்கிலத்தின் பெரிய சொற்களை இவர் தொடமாட்டார். இரண்டு பெரிய சொற்களுக்கு நடுவே, இடுக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும் இன், ஆன், அட், டு, ஃபார் போன்ற பொடிசுகள்தாம் இவருடைய மேய்ச்சல் நிலம். வீடு தீப்பற்றி எரிகிறது என்று நீங்கள் ஆங்கிலத்தில் அலறினால், பக்கத்து வீட்டுக்காரர் வாளியைத் தேடுவார். இவர் நீங்கள் ‘ஆன்’ போட்டீர்களா என்று பார்ப்பார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார். எலி வளைக்கு முன்னால் உட்கார்ந்த பூனையைப் போல உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தலையாட்டுவார், “ம்… ம்…” என்பார், விஷயத்தில் லயித்துவிட்டார் என்று நீங்கள் நம்பிக் குடும்பக் கதை முழுவதையும் கொட்டிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழும். முகத்தில் ஒரு கனிந்த சிரிப்பு வரும். “தப்பா நினைச்சுக்காதீங்க…” என்று ஆரம்பிப்பார். வேறு எப்படி நினைப்பதாம்?

எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பிரிவு மேலாளர் இந்த இனத்தின் கொழுத்த மாதிரி. அவர் இல்லாத இடத்தில் அவருக்கு ‘அட்’ சார் என்று பெயர். அவரிடம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு.

“பஸ்னா ஆன், கார்னா இன். ஏன் தெரியுமா? பஸ்ல எழுந்து நிக்கலாம். கார்ல நிக்க முடியாது. அவ்வளவுதான் லாஜிக்.”

“அப்ப சைக்கிள், சார்?” என்று தட்டச்சுக்கார அம்மா ஒருமுறை கேட்டார்.

“அது விதிவிலக்கும்மா.”

அவருக்குத் தெரிந்ததெல்லாம் விதி, தெரியாததெல்லாம் விதிவிலக்கு. ஒரு மனிதன் நிம்மதியாக வாழ இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்பாவை இழந்த கணக்காளர் விடுப்பு கேட்டு வந்து நின்ற நாளை எங்களால் மறக்க முடியவில்லை. சார் எழுந்து வந்து அவருடைய தோளில் கை வைத்து, எப்போது நடந்தது என்று மெல்லக் கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு அவர் “இன் மண்டே மார்னிங், சார்” என்றார். சார் தோளைத் தட்டிக்கொடுத்தார். “ஆன்,” என்றார் இன்னும் மெதுவாக. “ஆன் மண்டே மார்னிங்.” பிறகு விடுப்பும் கொடுத்தார். கல்நெஞ்சர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இத்தனை கறார் ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழில் அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்து. அதை யாரும் திருத்துவதில்லை. திருத்த வேண்டிய சங்கதி அதில் இருப்பதாக அவருக்கும் தோன்றியதில்லை.

சரி, அலுவலகத்தில் நாங்கள் பிழைத்துப்போகிறோம், மாலையானால் வீட்டுக்கு ஓடிவிடலாம். அவர் வீட்டில் இருப்பவர் எங்கே ஓடுவார்?

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்கா பிசியோதெரபிஸ்ட். குழந்தை பிறந்தபோது வேலையை விட்டவர், குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி தேட ஆரம்பித்தார். விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் “நடுவுல இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். குழந்தை வளர்த்தேன் என்று சொன்னதும் பிறகு தெரிவிக்கிறோம் என்றார்கள். யாரும் தெரிவிக்கவில்லை. கடைசியாக, பக்கவாதம் வந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மறுவாழ்வு மையம் வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. இதுவும் போனால் தேடுவதையே விட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். அன்று நடந்ததை அவரே எங்களிடம் சொன்னார், சாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

“வேலை உனக்குத் தெரியும். இங்கிலீஷை நான் பாத்துக்கறேன்” என்றாராம் சார்.

“நீங்க எதையும் பாத்துக்க வேண்டாம். ஆபீஸ் போங்க.”

“லீவு போட்டாச்சு.”

செருப்பு டப்பா ஒன்றை வெட்டி மூன்று அட்டைகள் செய்து, தடித்த பேனாவால் இன், ஆன், அட் என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார். கேமராவில் விழாதபடி மேசைக்கு அந்தப் பக்கம், அலமாரியை ஒட்டி நின்றுகொண்டார். அக்கா எங்கே தடுமாறுகிறாரோ அங்கே சரியான அட்டை உயரும். ஏற்பாடு அவ்வளவுதான்.

“ஏங்க, உங்களைப் பார்த்தா எனக்குப் பேச்சே வராதுங்க.”

“என்னை எதுக்குப் பாக்கறே? அட்டையைப் பாரு.”

திரையில் மையத்தின் தலைமை மருத்துவர் வந்தார். நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, சுருக்கமான பேச்சு. ஒரு பக்கம் செயலிழந்த நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை அது. வாயைத் திறந்தார். ‘ஆன்’ எழுந்தது. திருத்திச் சொன்னார். ‘இன்’ எழுந்தது. மறுபடி திருத்தினார். அந்தப் பாவப்பட்ட நோயாளி கட்டிலின் உள்ளே போனார், மேலே வந்தார், ஓரத்தில் தொங்கினார். நாற்காலிக்கு மட்டும் வந்து சேரவேயில்லை.

அடுத்து, குளியலறையில் ஒருவர் வழுக்கி விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். விழுந்தவர் விழுந்தபடியே கிடந்தார். சார் அட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த இடைவெளிக்குப் பிறகு உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைந்துவிட்டதோ?” என்று நீளமாக, சுற்றி வளைத்து, ஆங்கிலத்தில் கேட்டார். வேலை கையைவிட்டு நழுவுவது அக்காவுக்குக் கண்முன்னால் தெரிந்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தார். இப்போதாவது கையைக் கீழே போடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினார்.

சார் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவருடைய காது வேறு எங்கோ இருந்தது. அந்த நீளமான கேள்வியில் மருத்துவரே ஓரிடத்தில் சறுக்கிவிட்டார். பூனை எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

“பாத்தியா!” என்று தமிழில் சீறினார். “இந்தம்மாவுக்கே எங்க எதைப் போடணும்னு தெரியலை! இவங்க வந்து உன்னைத் தேர்வு பண்றாங்களாம்!”

திரையில் கண்ணாடி மறுபடி மூக்கு நுனிக்கு ஏறியது. பிறகு மருத்துவர் நல்ல தமிழில் சொன்னார்: “சார், மறைவா நிக்கறீங்களே, கொஞ்சம் முன்னாடி வாங்க.”

யார் கண்ணிலும் படப்போவதில்லை என்ற தைரியத்தில் அரைக்கால் சட்டையும் பனியனுமாக இருந்த பிரிவு மேலாளர், மூன்று அட்டைகளோடு முன்னால் வந்தார்.

“யாரும்மா இவரு?”

“என் வீட்டுக்காரர், மேடம்.”

“கையில என்ன அது?”

“இங்கிலீஷ், மேடம்” என்றார் அக்கா.

மருத்துவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். “இங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்குப் பேச்சே வராதும்மா. உங்க கைக்கு வேலை தெரியுதான்னுதான் நான் பாக்கணும். ஆமா, இவரு ஏன் வலது கையை இன்னும் இறக்காம வச்சிருக்காரு?”

அப்போதுதான் சாருக்கே தெரிந்தது. தூக்கித் தூக்கிக் காட்டியதில் தோள் பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கப் பார்த்து “ஆ” என்றார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு,” என்றார் மருத்துவர். “இவருக்கே செஞ்சு காட்டுங்க.”

அக்கா கணவரை நாற்காலியில் உட்காரவைத்தார். தோள்பட்டையில் கை வைத்ததும் அவருடைய குரலே மாறிவிட்டது. எந்தத் தசை இறுகியிருக்கிறது, எவ்வளவு தூரம் மடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும், வாயில் வந்தபடி சொல்லிக்கொண்டே போனார். கைகள் ஓரிடத்திலும் தயங்கவில்லை. நடுவில் சார் தலையை நிமிர்த்தி, “அங்க ‘ஆன்’ வராது…” என்று ஆரம்பித்தார். அக்கா முழங்கையைச் சற்றே மேலே தள்ளினார்.

“ஐயோ!”

அந்தச் சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் போட வேண்டியதில்லை.

“இன்னும் கொஞ்சம் தூக்கலாமா?” என்று கேட்டார் மருத்துவர்.

“தூக்கலாம், மேடம்.”

“தூக்குங்க.”

அந்த வாரமே வேலை உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. முதலில் படித்தவர் சார்தான். சம்பளத்தைப் பார்க்கவில்லை, சேரும் தேதியைப் பார்க்கவில்லை. இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். “இதுல ஒரு தப்பு இருக்கு. எழுதித் தெரியப்படுத்தறேன், அவங்களுக்குத்தான் நல்லது” என்று பதிலும் அடித்து முடித்துவிட்டார். அக்கா பின்னால் வந்து நின்று, தோளில் மெதுவாகக் கை வைத்து, “வலி எப்படிங்க இருக்கு?” என்று கேட்டார்.

சார் மடிக்கணினியை மூடிவிட்டார்.

இனி உங்கள் முறை. மருத்துவர் எந்த இடத்தில் சறுக்கினார் என்று நான் எழுதவில்லை. உத்தரவின் இரண்டாவது வரியில் என்ன பிழை என்றும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். குளியலறையில் விழுந்தவரை யாராவது தூக்கிவிட்டார்களா என்று நடுவில் ஒருமுறையாவது நினைத்திருந்தால், நீங்கள் தப்பித்தீர்கள். அதை விட்டுவிட்டு, அந்த இரண்டு பிழைகளும் என்னவாக இருக்கும் என்றுதான் இத்தனை நேரமும் மனம் அரித்துக்கொண்டிருந்தது என்றால், ஒரு காரியம் செய்யுங்கள். வலது கையை மெல்ல மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

எங்காவது பிடிக்கிறதா?