பக்கத்து டேபிள் மொய்

"…நெலம், வேல, சம்பளம் எல்லாம் விசாரிச்சாச்சு தம்பி. ஆனா ஆளு எப்படின்னு பக்கத்துல உக்காந்து ஒரு வேள சாப்ட்டாத்தான் தெரியும்," என்றார் மாதையன், உள்ளங்கையில் ரசத்தை வாங்கி உறிஞ்சியபடி.

மாதையன் பாரூர்க்காரர். ஏரித் தண்ணீர் பாயும் நெல்லும் கரும்பும் அவருக்கு உண்டு. அவர் மகள் ரேவதி நான் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே குவாலிட்டி செக்கிங். எனக்கு ஊர் தென்காசிப் பக்கம், ஜாகை ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி ரூம். நானும் ரேவதியும் கல்யாணம் செய்துகொள்வதென்று எப்போதோ முடிவெடுத்துவிட்டோம். அந்த முடிவை அவள் அப்பாவே எடுத்த மாதிரி ஆக்குவதுதான் பாக்கி. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஓசூர் ஹைவே ஓரத்து ஹோட்டலில் மூன்று பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால் மத்தூரில் ஒரு உரக்கடைக்காரர் தயாராக இருந்தார். (ரொம்ப நல்ல மனுஷனாம். அதுதான் எனக்குப் பயம்.)

இப்படிப்பட்ட நாளில் ஒருவன் நன்றாகத் தூங்கி எழுந்து போக வேண்டும். நான் நைட் ஷிஃப்ட் முடித்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போனேன். தூங்காதவனுக்கு உலகம் தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி தெரியும். வெளியே பூந்தூறல். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பெங்களூர் போகும் லாரிகள் சத்தமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. ரேவதியின் ஜிமிக்கி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அது ஸ்கூல் வேனில் ஏறி டாட்டா காட்டிவிட்டது. "சாம்பார் வேணுமா சார்" என்று ஒருவர் வாளியோடு வந்து அந்த வேனை நிறுத்தினார்.

என் இடது கையில் புது வாட்ச் இருந்தது. பணம் கட்டும் வாட்ச். அதை எனக்கு விளக்கியவர் எங்கள் கம்பெனி மெயின்டெனன்ஸ் முனிராஜண்ணன். எதைக் கேட்டாலும் வாயில் வைத்து ஊட்டுகிற மாதிரி சொல்வார்.

"அந்தக் கார்டு மிஷின் இருக்குதில்ல, அது தன்னச் சுத்தி மல்லிப்பூ வாசன மாதிரி ஒண்ணப் பரப்பிக்கினு நிக்கும். நாலு வெரக்கடைக்குள்ள போனாத்தான் வாட்சுக்குள்ள கெடக்கிற சில்லுக்கு மூக்கு வேர்க்கும். முழிச்சிக்கும். நெட்டு வேணாம், சிக்னல் வேணாம்."

கார்டு நம்பரைத் திருடிவிட மாட்டார்களா என்று கேட்டேன். வாட்ச் அந்த நம்பரையே வெளியில் சொல்லாதாம். பேங்க் வைத்த புனைப்பெயர் ஒன்றைச் சொல்லும், கூடவே அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லுபடியாகும் ரகசிய வார்த்தை ஒன்றையும் சேர்த்துச் சொல்லும். ஒட்டுக்கேட்டவன் அதை மறுநாள் கொண்டுபோய்ச் சொன்னால் எவனும் சீந்த மாட்டான். போன் என்றால் பூட்டைத் திறந்து நீட்ட வேண்டும். வாட்சுக்கு அந்தப் பாடும் இல்லை. பக்கவாட்டுப் பொத்தானை ரெண்டு தட்டு தட்டினால் கார்டு முகம் காட்டும். கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்து, கிட்டே வருகிற மிஷினுக்குக் கொடுத்துவிடும். சின்னத் தொகைக்கு ரகசிய எண்கூடக் கேட்காது.

"கிட்ட வர்ற மிஷினுக்கு" என்றுதான் அவர் சொன்னார். "உன் மிஷினுக்கு" என்று சொல்லவில்லை. நான்தான் கனவு கண்டுகொண்டே கேட்டேன்.

பில் வந்தது.

நம்ம பக்கம் பில் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது ஒரு சடங்கு. பெரியவர் சட்டைப்பைக்குள் கையை விடுவார், சின்னவர் எழுந்து தடுப்பார், "அட சும்மா இரு", "நீங்க சும்மா இருங்க" என்று நாலு பேர் விலக்கிவிடும் அளவுக்கு மல்லுக்கட்டு நடக்கும். சண்டை போடாதவன் கஞ்சன், சட்டென்று விட்டுக்கொடுப்பவன் அதைவிடக் கஞ்சன். நான் ஒரு படி மேலே போகத் திட்டமிட்டிருந்தேன். அவர் கை பையை அடைவதற்குள் வாட்சால் தொட்டு முடித்துவிட வேண்டும். மேஜைக்கு அடியிலேயே பொத்தானை ரெண்டு தட்டு தட்டினேன். கார்டு முகம் காட்டியது. கையைத் தூக்கினேன். (சினிமாவில் ஸ்லோமோஷனில் தூக்குவார்களே, அதே மாதிரி. தூக்கக் கலக்கத்தில் எனக்கு எல்லாமே அந்த வேகத்தில்தான் தெரிந்தது.)

"நான் குடுக்கேன்," என்றேன்.

"அட சும்மா இருப்பா," என்று மாதையன் என் மணிக்கட்டைப் பிடித்தார். கரும்பு வெட்டிய கை. பிடித்து ஒரே தள்ளாகப் பக்கவாட்டில் தள்ளினார்.

பக்கத்து டேபிளில் கன்னடக் குடும்பம் ஒன்று, அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து கோயிலுக்கு வந்தவர்கள். மடியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. வீட்டம்மா பைக்குள் கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர்கள் பில் தொகையை அழுத்தி வைத்த மிஷினை ஏந்தியபடி சப்ளையர் எங்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

என் கை மிதந்துபோய் அந்த மிஷினின் மேல் இறங்கியது. 'பீப்' என்றது. வாட்ச் என் மணிக்கட்டில் செல்லமாக ஒரு துடிப்புத் துடித்தது. மிஷின் நாக்கை நீட்டுகிற மாதிரி காகிதத்தை நீட்டியது.

"பேமென்ட் ஆயிடுச்சு சார்," என்று சப்ளையர் கிழித்து அந்த டேபிளில் வைத்தார்.

மாதையன் இன்னும் என் கையை விடவில்லை. "ஏம்பா, நம்ம பில்ல நான் கட்டறேன்னு சொன்னா ஊரான் பில்ல நீ கட்டறியா? யாருக்குக் காட்டறதுக்கு இது?"

ரேவதி கண்ணை மூடிக்கொண்டாள். மத்தூர் உரக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உடனே விளக்க ஆரம்பித்தேன். உப்பு டப்பாதான் மிஷின், ஸ்பூன்தான் வாட்ச். மல்லிப்பூ வாசனை, மூக்கு வேர்ப்பது, புனைப்பெயர், ரகசிய வார்த்தை என்று அண்ணன் சொன்னதையெல்லாம் தலைகீழாகச் சொன்னேன். "ரகசிய வார்த்தை"க்கு வரும்போது அவர் முகம் ரொம்பக் கெட்டுவிட்டது. வேறு பெயரில் நடமாடுகிற பையன் என்றே நினைத்துவிட்டார் போல.

சப்ளையர் பாவப்பட்டு, கேன்சல் செய்யலாம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார். பக்கத்து டேபிள் பெரியவர் எழுந்து போனை நீட்டி, நம்பர் சொன்னால் இப்போதே அனுப்பிவிடுவதாகக் கன்னடமும் தமிழும் கலந்து கெஞ்சினார். அந்த நேரம் பார்த்து மொட்டைக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. சந்தனம் வழிந்த தலை, பல்லில்லாத வாய். என் பாழாய்ப்போன மண்டை மறுபடி மிதந்தது.

"இருக்கட்டுங்க. பிள்ளைக்கு மொய்னு வச்சுக்கிடுங்க," என்றேன்.

(தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். நம்பர் சொல்லச் சொன்னார்கள். சத்தியமாக அந்த நிமிஷம் என் போன் நம்பரே எனக்கு ஞாபகம் வரவில்லை.)

பெரியவர் போனைத் தாழ்த்தினார். அவர்கள் பக்கமும் மொய் உண்டு, முய்யி என்பார்கள். அதை மறுப்பது முறையில்லை. ஆனால் முகம் தெரியாதவனிடம் வாங்குவதும் முறையில்லை. யார் மொய் என்று சொல்லியாக வேண்டும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை? பெரியவர் மாதையன் பக்கம் திரும்பி அதைத்தான் கன்னடத்தில் கேட்டார் என்று ரேவதி பிறகு சொன்னாள்.

மாதையன் என்னைப் பார்த்தார். உப்பு டப்பாவைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்பூனையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு லாரி கடந்து போகவே இல்லை.

பிறகு கன்னடத்தில் ஏதோ சொன்னார். பெரியவர் கைகூப்பிச் சிரித்தார். வீட்டம்மா கோயில் தேங்காய் மூடியையும் குங்குமத்தையும் ரேவதி கையில் கொடுத்தார். ரேவதி குனிந்த தலை நிமிரவில்லை.

"உங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கிசுகிசுத்தேன்.

"'இவ்னு நம்ம அளிய கண்ரீ, பாரூரு'ன்னாரு."

"அப்டின்னா?"

"எங்க மருமகன், ஊரு பாரூருன்னு அர்த்தம்," என்றாள்.

இப்படி, எனக்குத் தெரியாத பாஷையில், என் கண் முன்னாலேயே என் கல்யாணம் முடிவாகி, ஊரும் மாறிப்போனது. இன்றைக்கும் எங்கள் வீட்டார் ஹோட்டலுக்குப் போனால் முதலில் பக்கத்து டேபிளைத்தான் பார்ப்பார்கள். "ஆளுங்க நல்லவங்களாத் தெரியுறாங்க, மொய் எழுதிட்டு வாங்களேன்" என்பாள் ரேவதி. என் மாமியார் ஒருபடி மேலே போய், பெரிய குடும்பமாக உட்கார்ந்திருந்தால் என்னைக் கை எட்டாத சுவரோரம் உட்கார வைத்துவிடுவார்.

எங்கள் பில் மட்டும் அன்றைக்கு அப்படியே டேபிளில் கிடந்தது. நான் மறுபடி கையைத் தூக்கினேன். மாதையன் என் மணிக்கட்டைத் திருப்பி, வாரை அவிழ்த்து, வாட்சைக் கழற்றினார். தோலை விட்டுப் பிரிந்ததும் அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்பையிலிருந்து ரூபாய்க் கட்டை எடுத்து, எச்சில் தொட்டு எண்ணியபடி கல்லாவுக்கு நடந்தார்.