ஒக்டோபரில் மிதந்த வள்ளம்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் சும்மா இருந்தது. பிறகு, கொக்குவிலில் ஒரு மாடிவீட்டில் இயங்கும் ‘கடற்கலத் தரவு நவீனமயமாக்கல் பிரிவு’ கணினி நிரலில் ‘மாக்ரோ மாறி’ என்ற ஒன்றைக் கண்டடைந்தது. இடையில் நடந்ததெல்லாம் சில்லறை வேலை.

இப்பேர்ப்பட்ட பிரிவுக்குள், டிசம்பர் முதல் திங்களன்று, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார் குருநகர்ச் சூசைதாசன். நவம்பர்ப் புயலில் அவருடைய வள்ளம் கடலில் மூழ்கித் தாண்டுபோயிற்று. புதுவள்ளம் பெறுபவர்களின் பட்டியல் வெள்ளி பின்னேரம் மூடப்படும். அதற்குள், வள்ளம் தாண்டது மெய்தான் என்று பிரிவு ஒரு கடிதம் தரவேண்டும். இல்லையென்றால் மனுசன் இனி அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குத்தான் ஏறவேண்டும்.

கணினிக்குப் பொறுப்பான ஜெசிதா பதிவிலக்கத்தைத் தட்டினாள்.

“அண்ணை, உங்கடை வள்ளம் நல்லா இருக்கெண்டு காட்டுது.”

“எங்கை நிக்குது பிள்ளை? சொன்னியெண்டா ஏறிப் போயிடுவன்.”

“இது ஒக்டோபர்க் கோப்பு அண்ணை. ஒவ்வொரு மாசத்துக்கும் ஒவ்வொரு ஃபோல்டர். புறோகிராமிலை மேலை ‘மாதம்’ எண்டு ஒரு மாறி இருக்கு. அதிலை நவம்பர் எண்டு போட்டால், கீழை நாற்பத்திரண்டு இடத்திலையும் கோப்புப் பாதை தானா மாறும்.”

“அப்ப போடன்.”

பணிப்பாளர் கிறிஸ்துநாயகம் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

“தானா மாறுறதோ! கந்தோரிலை ஒண்டும் தானா மாறப்படாது. அதுக்காகத்தானே பூட்டி வைச்சிருக்கிறம்.”

தீர்க்கதரிசி! ஒரு சொல்லை மாற்றினால் நாற்பத்திரண்டு இடம் மாறும் என்று கேள்விப்பட்ட அன்றே, ஒரு சொல்லுக்கு இவ்வளவு அதிகாரம் ஆகாது என்று சுற்றறிக்கை விட்டவர் அவர். மாறியை மாற்ற மூன்று பிரதிகளில் விண்ணப்பம் வேண்டும். பிறகு ‘மாறிப் பராமரிப்புக் குழு’ கூடவேண்டும். குழு கூடினால் தேத்தண்ணியும் றோல்சும் வேண்டும்.

“ஐயா, வள்ளம் கடலுக்கை கிடக்குது.”

“கடல் வேறை திணைக்களம்.”

செவ்வாயும் புதனும் சூசைதாசன் வந்து வாங்கில் குந்தியிருந்து போனார். வியாழன் குழு கூடியது. நவம்பரை எழுத்தில் போடுவதா, பதினொன்று என்று இலக்கத்தில் போடுவதா என்பதில் மதியம்வரை கடும் விவாதம். இலக்கம் வென்றது.

வெள்ளி காலை பத்தரைக்குக் கிறிஸ்துநாயகம் தன் சொந்த ஆட்காட்டி விரலால் இரண்டு ஒன்றுகளை அடித்தார். நாற்பத்திரண்டு பாதைகளும் கண்மூடித் திறப்பதற்குள் மாறின. கைதட்டல் ஓயவில்லை, ஜெசிதா மட்டும் தட்டவில்லை.

“சேர், ஃபோல்டர் திறந்திட்டுது. உள்ளை ஒண்டுமில்லை.”

“ஏன் இல்லை?”

“புயலுக்குப் பிறகு ஆர் சேர் கரைக்குப் போய் எண்ணினது?”

குருநகர்க் கரை மோட்டார்சைக்கிளில் கால்மணித்தியாலம். குழுவுக்கு எங்கே நேரம்?

ஆனாலும் பணிப்பாளர் கலங்கவில்லை. கடிதத்தை அவரே சொல்ல ஜெசிதா அடித்தாள்: ‘நவம்பர்ப் பதிவின்படி குருநகரில் வள்ளங்கள் எவையும் இல்லை. இல்லாத வள்ளம் தாழ்ந்ததாக அத்தாட்சிப்படுத்த இயலாது.’

சூசைதாசன் இரண்டுதரம் வாசித்தார்.

“அப்ப நாலு நாளா உந்தப் பிள்ளை நல்லா இருக்கெண்டு காட்டினது ஆற்றை வள்ளம் ஐயா?”

“அது ஒக்டோபரிலை. நாங்கள் இப்ப முன்னேறிட்டம்.”

புயல் பாவம், ஓர் இரவு முழுக்க ஊளையிட்டுப் பதினேழு வள்ளங்களைத்தான் தாட்டது. காற்றுமில்லாமல், ஒரு சொட்டு உப்புத்தண்ணீரும் படாமல், குருநகரில் மிச்சமிருந்த முந்நூற்றிரண்டையும் இரண்டே தட்டில் தாட்ட சாதனை கந்தோருக்கே உரியது.