பெயர் சொல்லாத பச்சிலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்று எழுதிக்கொள்வது. என் இடது காலைத் தவிர இங்கே அனைவரும் நலம். தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல்.

வெள்ளிக்கிழமை ஒரு மூட்டைப் பச்சிலையோடு வந்து நீங்களே எனக்குக் கட்டுப் போடப்போவதாகச் சொன்னீர்களாம். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வர வேண்டாம். போனில் பேசினால் உங்கள் மகள் பக்கத்தில் நிற்பாள், அதனால்தான் கடிதம்.

ஆபீஸ் அலமாரி இடித்து முழங்காலுக்குக் கீழே வந்தது மிளகளவுப் புண். நான் பாட்டுக்குச் சும்மா இருந்திருப்பேன். "எங்கப்பாவுக்குத் தெரியாத கைவைத்தியமா?" என்று உங்கள் மகள் போனை என் காதில் வைத்தாள். மூலிகையின் பெயரைச் சொன்னால் பலிக்காது என்று நீங்கள் அடையாளம் மட்டும் சொன்னீர்கள்: "இலை மனுஷக் காது மாதிரி இருக்கும் மாப்ள, கிள்ளினா பால் வரும்." யார் காது என்று சொல்லவில்லையே மாமா! மதிலோரம் ஏழு வகை இலை பறித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் ஒவ்வொருவர் காதோரமும் பிடித்துப் பார்த்தேன், தட்டச்சு அம்மாள் அன்றைக்கே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார், கடைசியில் மேலதிகாரி அசந்து தூங்கும்போது அவருடைய வலது காதோடு ஒரு இலை அச்சாகப் பொருந்தியது. பாலைப் பிழிந்து கட்டினேன். மிளகு எலுமிச்சை ஆயிற்று. "புண்ணு மருந்தோட சண்டை போடுது, விடாதீங்க" என்றீர்கள். விடவில்லை. கால் முழுக்கக் கொப்புளம்.

"என்ன இலை வச்சீங்க?" என்றார் டாக்டர்.

"பேரைச் சொன்னா பலிக்காது டாக்டர்."

"இதுவரைக்கும் பலிச்சது போதும், சொல்லுங்க!"

தெரிந்தால்தானே சொல்ல? மேலதிகாரியின் காதை விவரித்தேன். டாக்டர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். பால் வடியும் இலையைத் திறந்த புண்ணில் வைத்தால் தோலையே பொசுக்கிவிடுமாம், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலுக்கே ஆபத்தாம். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. மாமனார் முன்னால் கையைக் கட்டலாம், காலையே கொடுக்க முடியுமா? உங்கள் மகளோ, "இலையை மாத்திப் பறிச்சது நீங்க, பழி எங்கப்பாவுக்கா?" என்கிறாள்.

ஆகவே ஆசீர்வாதத்தை அங்கிருந்தபடியே அனுப்பினால் போதும். அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் பணிவுள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் புதன்கிழமையே வந்து நிற்கிறீர்கள். மூட்டையைக் கண்டு கட்டிலுக்கடியில் நுழையப் போனேன். அதற்குள் உங்கள் காலைக் காட்டிவிட்டீர்கள். என்னுடையதைவிடப் பெரிய கொப்புளம். "நான் சரியான இலையைத்தான் வச்சேன் மாப்ள. உங்க டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிப் போங்க, மகளுக்கு மட்டும் தெரிய வேணாம்." பச்சிலை பறிக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. அவள் பக்கத்திலேயே நிற்பதால் இதையும் எழுதியே உங்கள் கையில் தருகிறேன். தெருமுனை தாண்டும்வரை தயவுசெய்து நொண்டாமல் நடங்கள்.